அண்ணி அழுத படம்

தாலிக்கொடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "இதைக் கழட்டேலாது, மனுசன் இருக்கிறார்" என்று அண்ணி தமிழிலேயே சொன்னது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எதிரே நின்ற ஒப்பனைக்காரப் பெண்ணுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். ஆற்றுக்கு அப்பால் லவாலில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்வளவை ஒரு படத்துக்காகப் பாலஸ்தீனம் ஆக்கியிருந்தார்கள். மணல் மூட்டை, முள்ளுக்கம்பி, துவக்கோடு நிற்கிற ஆமி என்று நாங்கள் ஊரில் பார்த்துச் சலித்த சென்றி, அந்தக் காவலரண், அப்படியே எழும்பி நின்றது. அதில் அண்ணி செத்தவீட்டில் அழுகிற ஒரு முஸ்லிம் பெண். சிலுவை பதித்த தாலி கமராவில் தெரியக்கூடாதாம். நியாயம்தான். நான் இடையில் புகுந்து கதைத்து, கடைசியில் கறுப்புத் துணியை நெஞ்சுவரை இழுத்து மூடித் தாலியை மறைத்துவிட்டார்கள்.

மனுசன் என்று அவர் சொன்னது என் மூத்த அண்ணையை. எங்கள் ஊரில் கடைசிச் சண்டை முடிந்தபோது சரணடைந்த ஆண்களை ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். "விசாரிச்சுப்போட்டு விடுவாங்களாம், பேந்து வாறன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அண்ணையும் ஏறினார். அதோடு சரி. அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. நாசமாய்ப் போவார்!

அண்ணி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். ஒருநாளும் அண்ணையை நினைத்து அவர் அழுது நான் கண்டதில்லை. நெஞ்சுரம் என்று ஊர் சொன்னது. எனக்கு விஷயம் தெரியும். இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வைக்கக்கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு. நவம்பரில் கோயிலில் மரித்தோருக்கான பூசை நடக்கும். ஒவ்வொரு வீடும் தன் செத்தவர்களின் பெயரைக் கொடுக்கும், பங்குச் சுவாமி வாசிப்பார். ஒரு வருடம் என் அம்மா மனம் கேளாமல் அண்ணையின் பெயரையும் கொடுத்துவிட்டார். வாசிக்கும்போதே அண்ணி எழும்பி வெளியே போய்விட்டார். "ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்? சவத்தைக் கண்டனீங்களோ?" என்று அம்மாவிடம் கேட்டதுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க மாமிக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை.

அப்படிப்பட்டவர் சினிமாவில் அழப் போனாரா என்று கேட்பீர்கள். கார்டெரியில் கூட வேலை செய்கிற பெண் வழியாக வந்த வாய்ப்பு அது. படத்துக்குக் கறுத்த தலைமயிர்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். "தூரத்தில நிண்டால் நாங்களும் அரபிக்காரர்தான் எண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள், அண்ணி" என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"படம் எல்லா நாட்டுக்கும் போகுமாம், தம்பி. கொண்ணர் எங்கயாவது இருந்து பார்த்தாரெண்டால், நான் உயிரோட இருக்கிறன் எண்டாவது தெரியவரும்."

என்னுடைய அண்ணையை அவர் 'கொண்ணர்', உன் அண்ணர், என்றுதான் சொல்வார். வேறு பெயர் அவர் வாயில் வந்ததில்லை. நான் வேலை செய்கிற துறைமுகக் கிடங்கில் லீவு போட்டுவிட்டு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கதை இதுதான். பாலஸ்தீனப் பெடியன் ஒருவனும் யூதப் பெட்டை ஒருத்தியும் விரும்புகிறார்கள். அவளைப் பார்க்க வருகிற வழியில் சென்றியில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். உடலைச் சுற்றிப் பெண்கள் அழ, கிட்ட வர முடியாமல் அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இயக்குநர் ஒரு சின்னப் பெண், அந்தப் பக்கத்து ஹைஃபா நகரத்தைவிட்டு வந்த குடும்பமாம். மற்றப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அண்ணி மட்டும் கல்லாக இருந்தார். இயக்குநர் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, அவர் கையைப் பிடித்து, உங்கள் ஆளொருவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அண்ணி தலையை ஆட்டினார்.

திரும்ப எடுத்தபோது, போர்த்தியிருந்த வெள்ளைத் துணி விலகிப் பெடியனின் பாதம் வெளியே தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்தார்.

"ஐயோ என்ர ராசா! ஏறாதையுங்கோ எண்டு சொன்னனே! கையைப் பிடிச்சனே, கேட்டீங்களோ! எந்தக் கிடங்கைக் கிண்டிப் போட்டாங்களோ, ஒருபிடி மண் போட விட்டாங்களோ!"

அத்தனை வருடத்து அழுகை. இயக்குநர் நிறுத்தச் சொல்லியும் அண்ணிக்குக் கேட்கவில்லை. பயந்துபோன பெடியன் துணியை விலக்கிக்கொண்டு எழும்பி இருந்து, "மதாம்? மதாம்?" என்றான். அண்ணி அவன் முகத்தையே பார்த்தார். பிறகு காலை விட்டுவிட்டு, தன் கறுப்புத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்தப் பிள்ளை எழும்பியிருக்க வேண்டாம் என்று எனக்கு இருந்தது.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், "என்ர வாயாலயே கொண்ணரைச் சாக்காட்டிப்போட்டன், தம்பி" என்றார். நடிப்புத்தானே அண்ணி என்றேன். அன்றிலிருந்து அவர் அண்ணைக்காக முன்பு கேட்டுவந்த, உயிரோடிருப்பவர்களுக்கான சுகப் பூசையும் கேட்பதில்லை, மரித்தோர் பூசைக்குப் பெயரும் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் மனுசியைக் கொண்டுபோய் விட்டாயிற்று.

போன கிழமை படம் வந்தது. அண்ணி வரமாட்டேன் என்றார், நான் தனியே போனேன். அவர் முகம் திரை முழுக்க இருந்தது. குரல்தான் இல்லை. தமிழ் கேட்கக்கூடாதென்று யாரோ ஒரு பெண் அரபியில் அழுவதை அதன்மேல் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் அழுதாள். படம் முடிந்து சனம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து செய்தியைப் போட்டால் பாலஸ்தீனத்தில் அதே வெள்ளைத் துணிகள், வரிசையாக. படம் எடுத்து எவன் துவக்கைக் கீழே வைத்தான்?

மேலே போனேன். அண்ணி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"நான் அழுறது கேக்குதோ?"

"இல்லை அண்ணி. உங்கட குரலை எடுத்துப்போட்டினம். வேற ஆரோ அழுகினம்."

கையிலிருந்த கத்தி நின்றது.

"அப்ப ஒருத்தருக்கும் கேக்காது?"

"ஒருத்தருக்கும் கேக்காது, அண்ணி."

அவர் முகத்தில் ஏதோ வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தேன், அந்த ஒப்பாரி இல்லையென்றாகிவிட்டது, கடவுளே என்று நானும் நினைத்தேன். கொஞ்ச நேரம்தான். அது அப்படியே இறங்கிப்போனது.

"எனக்குக் கேட்டதே, தம்பி" என்றார்.