தோற்றவன்தான் எடுக்க வேண்டும்

ஜெர்மன் உதைபந்தாட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் என் கழகமும் அண்ணையின் கழகமும் மோதப்போகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. என் கழகம் தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறை. முப்பது வருடமாக நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் கழகம் அது.

அண்ணையும் நானும் முதலில் ஜெர்மனியில் ஒரே அகதி விடுதியில் இருந்தோம். அங்கே அவர் ஒரு கழகத்தைப் பிடித்தார். அவரோடு கொழுவுவதற்காகவே நான் மற்றதைப் பிடித்தேன். பிறகு நான் சுவிஸுக்கு வந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரனாக ஒட்டிக்கொண்டேன். அவர் அங்கேயே தங்கிவிட்டார். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு கழகங்களும் மோதினால் தோற்றவன்தான் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்ததும் “தோத்திட்டம்” என்று சொல்ல வேண்டும். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகளுக்குக் கல்யாணம். தமையன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. எனக்கோ பனிக்காலச் சீசன், லீவு கிடைக்கவில்லை. அதுவும் அரைப் பொய். நான் லீவு கேட்கவேயில்லை. அழைப்பிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன், அந்த எல்லோரில் அண்ணையும் ஒருவர். அவர் வரவில்லை. சூரிச் மண்டபத்தில் பெரியப்பாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வர இவ்வளவு முறையா என்று நானும் முறுக்கிக்கொண்டேன். எங்களுக்குள் கதைபேச்சு நின்றது. அடுத்த மே மாதமே என் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டதால் மோதுவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இப்போது இந்த இறுதி ஆட்டம். என் கழகம் தோற்றால், சட்டப்படி நான் எடுக்கலாம். மானமும் போகாது. வென்றால் அவர்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அதுதான் அவருடைய கடைசிப் பதில்.

சனிக்கிழமை மாலை குசினி நிறைய வேலை. தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் அடுப்புக்கு வர வேண்டும். நான் அதைக் காலுறைக்குள் செருகியிருந்தேன். பாரில் ஜெர்மன்காரர் டிவிக்கு முன் கூடியிருந்தார்கள். நான் எந்தக் கழகம் என்று ஹோட்டலில் எல்லோருக்கும் தெரியும். பரிமாறும் பெண் தட்டு எடுக்க வரும்போதெல்லாம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். முதல் பாதியிலேயே ஒன்றுக்குப் பூச்சியம். என் கழகம்தான். இந்த நான்கு வருடத்தில் ஒரு பந்தையும் உருப்படியாக அடிக்காதவர்களுக்கு இன்றைக்குத்தான் கால் வழங்குகிறது!

உருளைக்கிழங்கு ரோஸ்டியைக் கருக்கிவிட்டேன். ஷெஃப் கத்தினார். உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ஒரே சூப்பை மூன்று தரம் ருசி பார்த்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் ஒன்று அடித்துச் சமப்படுத்திவிட்டார்களாம். நான் கரண்டியை மேசையில் அடித்து ஆரவாரம் செய்தேன். இவனுக்கு என்ன பிடித்தது என்று ஷெஃப்பும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மேலதிக நேரத்தில் என் கழகம் வென்றது.

பாரிலிருந்து ஆள்மாறி ஆள் வந்து என் முதுகில் தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே பின்கதவால் வெளியே போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் போனது. கோப்பை கொடுத்து முடிந்திருக்கும். பத்து நிமிடம். தொலைபேசியின் மணிச்சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேனோ என்று பார்த்தேன், இல்லை. சிக்னலும் முழுதாக இருந்தது. கால் மணித்தியாலம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டமாவது மண்ணாவது என்று நானே எடுத்தேன்.

முதல் மணியிலேயே அண்ணையின் குரல் வந்தது.

“நீ ஏன்டா எடுத்தனி? வெண்டது நீயெல்லோ?”

“நீங்கள் எடுக்கேல்லை, அதுதான் அண்ணை…”

“எடுக்கத்தான் இருந்தனான். கண்ணாடியைக் காணேல்லை. கண்ணாடி இல்லாமல் உன்ரை நம்பரை எப்பிடித் தேடுறது? இப்பதான் கண்டுபிடிச்சனான். வை, நான் எடுக்கிறன்.”

வைத்துவிட்டார். அரை நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“தோத்திட்டம்,” என்றார்.

அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

“கல்யாணத்துக்கு நான் நேரில வந்து சொல்லியிருக்க வேணும் அண்ணை. பிழை என்ரைதான்.”

அண்ணை தொண்டையைச் செருமினார்.

“அதையும் நேரில வந்து சொல்லு.”