ஆயுத பூஜையில் அகப்பட்ட இரும்புக் குண்டு

1. கூட்டம்

கூட்டத்தில் இருந்தவர்கள்: செயலாளர் லோகநாதன் சார், தலைமை ஆசிரியை விஜயா மேடம், கணக்கு வாத்தியார் பசவராஜு, பி.டி. மாஸ்டரான நான். வராதவர்: பெற்றோர் சார்பில் வரவேண்டிய பாத்திரக்கடை ரமேஷ். தசரா நெருங்கியதால் கடையில் வியாபாரம். மைதானமும் வரவில்லை என்று சொல்லலாம். மைசூர் மண்டி மொஹல்லாவில் வெங்காயக் கிடங்குக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

பேசவேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் பள்ளி ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கலாமா, கூடாதா? அடுத்த தெருப் பள்ளி அப்படி ஒரு பேனர் கட்டிவிட்டதால் இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது.

"அது கவர்மென்ட் பாத்துக்க வேண்டிய வேலை சார். நமக்கு எஸ்எஸ்எல்சி ரிசல்ட் போதும்" என்றார் மேடம்.

"என் பீரியட்ல ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்" என்றார் பசவராஜு. யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நம்மகிட்ட ஒலிம்பிக்குப் போற மாதிரி யாராவது இருக்காங்களா?"

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பெரியவர்கள் கேட்டால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வேன். நின்றேன். "எட்டாவது பி செக்‌ஷன் மஞ்சுளா சார். ஷாட் புட் நல்லா போடுறா."

"அப்ப அவளை அனுப்பிடு."

கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்வது போல இருந்தது. நான் விளக்கினேன். முதலில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. அதில் தேறினால் சாப்பாடு, படிப்பு, கோச் எல்லாம் இலவசம். அடுத்த வருடம் மஞ்சுவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அவள் அப்பா முருகேசன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், என்னைப் போல ஹனூர்ப் பக்கத்துக்காரர். சொந்தச் செலவில் அனுப்ப அவரால் முடியாது.

செயலாளருக்கு மனம் இளகியது. புதிதாக ஒரு மூன்று கிலோ குண்டு வாங்கித் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

2. பூஜை

ஆயுத பூஜையன்று காலை பள்ளிக்குப் போனால் ஆபீஸ் ரூமில் எல்லாம் வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டர், பெல், பஸ் சாவி, பசவராஜுவின் பெரிய காம்பஸ். நடுவில் எங்கள் குண்டு. மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், தலையில் சேவந்திப் பூ. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"மேடம், குண்டு வேணும். நாளன்னிக்கு செலக்‌ஷன்."

"சாமிக்கு வெச்சதை எடுக்கக் கூடாதுப்பா. நாளைக்கு விஜயதசமி முடியட்டும். நாளன்னிக்குக் காலைல எடுத்துக்கோ. பூஜை பண்ணின குண்டு, தன்னால போகும்."

கதவைப் பூட்டிவிட்டார். முருகேசனையாவது பேசவைக்கலாம் என்று மண்டிக்கு ஓடினேன். அவர் தன் மூட்டைக் கொக்கிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். "அதெப்படிங்க சார்? வெச்சதை எடுக்கப்படாதுங்க. நானே ரெண்டு நாளைக்கு இதைத் தொட மாட்டேனுங்க" என்றார்.

அப்பாவோடு மண்டிக்கு வந்திருந்த மஞ்சு, வாசலில் மலை போலக் குவிந்திருந்த பூசணிக்காயைப் பார்த்தபடி கேட்டாள்: "சார், இது ஒண்ணு மூணு கிலோ இருக்குமா?"

தராசில் வைத்தோம். இருந்தது.

மண்டியின் கடைசிச் சந்து அன்று வண்டியில்லாமல் கிடந்தது. மஞ்சு காயைக் கழுத்தோடு அணைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, திரும்பி எறிந்தாள். பொத்தென்று விழுந்து சிதறியது. பாத்திரக்கடை ரமேஷ் கடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கையிலும் கற்பூரத்தோடு ஒரு பூசணிக்காய்.

"ஏம்மா, எங்க கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடு. தூரமாப் போடு, திருஷ்டியும் தூரமாப் போகட்டும்."

இந்தக் கருத்து சந்து முழுக்கப் பரவிவிட்டது. வெங்காயக் கிடங்கு, சைக்கிள் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று எல்லாரும் அவரவர் பூசணிக்காயோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்துக் கடைக்காரன் காய் கூடுதலாகப் போய்விட்டதென்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நான் டேப்பைப் பிடித்து அளந்து சமாதானம் செய்தேன்.

அந்த நேரத்தில்தான் செயலாளர் புது ஸ்கூட்டரில் வந்தார். மாலை, வாழைக்கன்று, எல்லாம் கட்டியிருந்தது. பூசணிச் சதையில் சக்கரம் ஏறியது. ஸ்கூட்டர் ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கமாக வந்து வெங்காய மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. வேட்டி மட்டும் குங்குமத்தில் குளித்திருந்தது.

"யாருய்யா இதை இங்க போட்டது?"

"உங்க ஸ்கூல் பொண்ணுதான் சார்" என்றார் ரமேஷ் பெருமையாக. "அதோ, அங்க நின்னு போட்டுச்சு."

செயலாளர் அங்கே பார்த்தார். உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி அங்கே பார்த்தார்.

"அங்கிருந்தா?"

"அங்கிருந்துதான்."

"மாஸ்டர், டேப்பைக் கொண்டா" என்றார்.

3. தேர்வு

தேர்வுக்கு விபூதிக் குண்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனோம். "இங்க எங்க குண்டுலதான் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சு அவர்களுடையதை வாங்கி உருட்டிப் பார்த்தாள். "சார், எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு."

மூன்று வாய்ப்பு. முதல் தடவை குண்டு நன்றாகவே போனது. ஆனால் போட்ட கையோடு மஞ்சு பக்கவாட்டில் துள்ளி வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டாள். சிவப்புக் கொடி. இரண்டாவது தடவையும் அதே துள்ளல், அதே கொடி. எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பூசணிச் சதை மேலே தெறிக்காமல் இருக்கப் பழகிய துள்ளல் அது. சொல்லிக்கொடுக்காமலே நான் பழக்கியிருந்தேன்.

மூன்றாவது தடவைக்கு அவள் வட்டத்துக்குள் போனபோது முகம் வெளுத்திருந்தது. எனக்குக் கோச் பாஷையெல்லாம் மறந்துவிட்டது.

"மஞ்சு, அது உடையாதும்மா. போட்டுட்டு அங்கயே நில்லு."

நடுவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சுவும் சிரித்தாள். போட்டாள். குண்டு விழுந்து, புழுதி அடங்கி, வெள்ளைக் கொடி எழும்வரை அசையாமல் நின்றாள். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் பி.டி. மாஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒலிம்பிக் வீரரை ஒரு பள்ளிக்கூடம் உருவாக்கும் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் எறியத் தெரிந்த பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பது முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும். தெரிந்தபிறகு எறிய ஓர் இடம் தரவேண்டும். அது பள்ளிக்கூடத்தின் வேலைதான். மேடமும் இப்போது ஒத்துக்கொள்கிறார். பசவராஜு இன்னும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒரு மெக்கானிக் பில்லை மேஜையில் வைத்து, ஒலிம்பிக் பயிற்சிச் செலவில் இதைச் சேர்க்கச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. முன் மட்கார்டு, ஹெட்லைட், பெயின்ட் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.