பன்னிரண்டு போர்டுகளுக்கு ஒரே முகவரி

ராவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை முடிவாக வேண்டியிருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் நாங்கள் செய்த பம்பு கட்டுப்பாட்டு போர்டுகள் மக்கர் செய்தன. தனியாக இணைத்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பேசியது. பன்னிரண்டையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைத்தால் ஒன்று வரும், இன்னொன்று போகும்.

"சுவிட்ச் பழசு லா," என்றார் குழுத் தலைவர். புதுசு வந்தது. அதே கதை.

எனக்கோ இப்படிப்பட்ட குழப்பம் வெகு நாள் பழக்கம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் எண்ணெய்ப்பனை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில், என்னையும் சேர்த்து எல்லா வீட்டுக் கடைசிப் பெண்ணும் பாப்பாதான். அம்மா வாசலில் நின்று "பாப்பா!" என்று கத்தினால் நாலு வீட்டிலிருந்து "என்னா?" என்று கேட்கும்.

"அண்ணே, எல்லா போர்டுக்கும் ஒரே மேக் அட்ரஸ்னு நெனக்கிறேன்," என்றேன் தலைவரிடம். நெட்வொர்க் ஒவ்வொரு போர்டையும் அடையாளம் காணும் முகவரி அது.

"எஸ்டேட்டுல எண்ணெமர நெரை எண்ணுற மாதிரின்னு நெனச்சியா, தங்கச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நெரைக்குக்கூட தனி நம்பர் இருக்குண்ணே. இதுக்குத்தான் இல்ல."

போர்டு உயிர் பெறும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் கோப்பைத் திறந்து காட்டினேன். போர்டில் முகவரி எதுவும் பதியப்படாவிட்டால், மாதிரிக்காக யாரோ எழுதி வைத்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் அது கொடுத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"சரி, ஒவ்வொன்னுக்கும் ஒரு அட்ரஸக் கையால தட்டிருவோம்," என்றார் தலைவர்.

"ஒன்னு தப்பாத் தட்டுனா மறுபடி சண்டைதான். ஒவ்வொரு சிப்புலயும் பொறக்கும்போதே ஒரு நம்பர் இருக்கு. அதுலருந்து போர்டே தன் அட்ரஸ எடுத்துக்கட்டும்."

"வெள்ளிக்குள்ள முடிப்பியா?"

"முடிப்பேன்."

முதல் முயற்சி சொதப்பியது. அந்த எண்ணின் முன்பகுதியை மட்டும் எடுத்தேன். ஒரே தொகுதியில் வந்த சிப்புகளுக்கு அது ஒன்றேதான். பிறகு முழு எண்ணையும் கலந்து சுருக்கினேன். இது நாங்களே வைத்துக்கொண்ட முகவரி என்று காட்டும் பிட்டையும் மறக்காமல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லா போர்டுகளுக்கும் ஒன்றாக மின்சாரம் கொடுத்தோம். பன்னிரண்டு பச்சை விளக்குகள். ஒன்றுகூட அணையவில்லை. தலைவர் தானே பிடுங்கிப் பிடுங்கி மாட்டிப் பார்த்தார்.

"அசைய மாட்டேங்குது லா! உன் பேர்லயே கோப்புல ஏத்து."

மதியம் மேலாளர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"நிரந்தரம்மா!"

அம்மா போனைக் கையில் பிடித்தபடியே லயத்தைப் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது.

"எம் பாப்பாவுக்கு வேல நெரந்தரமாயிருச்சு!"

"எந்தப் பாப்பா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"கம்ப்யூட்டர் படிச்ச பாப்பா! இந்த லயத்துல வேற யாரு இருக்கா?"