ஆவுடைத்தாய் அணைக்காத சூடம்

ஆவுடைத்தாயின் விரல்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்குகிற பொம்பளைகளுக்குப் பஞ்சமா என்ன? ஆனால் பக்கத்திலிருப்பவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் சட்டத்தில் குச்சிகளை வரிசை பிடிக்கிற கை அவளுக்குத்தான் வாய்த்திருந்தது. நாகலாபுரம் பக்கம் மூன்று வருஷம் மிளகாய் காய்ந்து போனதில், புருஷன் கருத்தையாவோடும் பதினைந்து ஆடுகளோடும் டவுனுக்கு வந்தவள். கை அதுபாட்டுக்கு வேலை பார்க்கும், வாய் சும்மாதானே இருக்கும்? அந்த வாய்தான் எண்பத்தாறில் ஒரு வார்டையே புரட்டிப் போட்டது.

எத்தனையோ வருஷம் கழித்து நகரசபைக்குத் தேர்தல் வந்திருந்தது. அவர்கள் வார்டில் ஆட்டுக்காரர் தெரு, மில் தெரு, காலனி என்று மூன்று தெரு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு குழாய், அதுவும் மண்டிக்காரர் சுந்தரபாண்டியன் வீட்டு வாசலில். அவர் வீட்டு மாடு குடித்த பிறகு மற்றவர்கள் குடம் வைக்கலாம். காலனிக்காரர்களுக்கு எல்லாருக்கும் கடைசியில், தண்ணீர் நிற்கிற நேரத்தில்தான் முறை வரும். அந்தச் சுந்தரபாண்டியன்தான் தேர்தலில் நின்றார்.

மூன்று தெருவும் ஆளுக்கொருத்தனை நிறுத்தினால் மண்டிக்காரர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே ஜெயித்துவிடுவார் என்று ஆவுடைத்தாய் கணக்குப் போட்டாள். ஒரே ஆளாக நிறுத்துவோம், அது காலனி வெயிலம்மாளாக இருக்கட்டும் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள் வெயிலம்மாள். எட்டாவது படித்தவள். குழாய் கேட்டுப் பதினோரு மனு எழுதிக் கொடுத்தவள்.

அவள் இருக்கிற ஆட்டுக்காரர் தெருப் பெண்களே முகத்தைச் சுளித்தார்கள். காலனிக்காரிக்கா ஓட்டு என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். ஆவுடைத்தாய்க்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏட்டி, பதினோரு மனு எழுதினது யாரு? நம்ம தெருவுல எந்த ஆம்பளையாவது நகரசபைப் படி ஏறினானா?"

பத்து நாள் இதே பேச்சுதான். ஆட்டுக்காரர் தெருவிலும் மில் தெருவிலும் நிற்கத் துடித்த ரெண்டு பேருக்கும் வீட்டில் நிம்மதியாகக் கஞ்சி குடிக்க முடியவில்லை, பாவம், தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

வெயிலம்மாள்தான் பயந்தாள். "தோத்தா உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. எங்களை அந்தக் குழாய்ப் பக்கமே அண்ட விட மாட்டாவ" என்றாள். நான் இருக்கேன், நீ தேர்தலுக்கு மனுப் போடு என்று சொல்லி நகரசபை ஆபீஸுக்குக் கூட்டிப் போனது ஆவுடைத்தாய்தான்.

மண்டிக்காரர் லேசுப்பட்டவரா? ஓட்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால், காளியம்மன் கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆட்டுக்காரர் தெருவிலும் மில் தெருவிலும் வீட்டுக்கு ஒரு ஆம்பளையைக் கூப்பிட்டார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, ஓட்டு அவருக்குத்தான் என்று சத்தியம் வாங்கினார். புது மணியைப் பார்க்கிற ஆசையில் போய் நின்ற கருத்தையாவும் அணைத்துவிட்டு வந்தான். கரிசல்காட்டில் சூடத்தை அணைத்துவிட்டு மாறினவன் கிடையாது.

விஷயம் தெரிந்ததும் ஆவுடைத்தாய்க்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாவமும் அறியாத வெயிலம்மாளை இழுத்துவிட்டுச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்காகத்தான் சத்தியம் செய்தேன், அது உன்னையும் சேர்த்துத்தான் என்று கருத்தையா சொன்னான். அவன் உள்ளங்கையில் சூடம் சுட்ட கருப்பு இன்னும் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"சூடத்துல சுட்டது உங்க கை. என் கை அந்நேரம் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கிக்கிட்டு இருந்துச்சு."

மறுநாள் ஆபீஸில் ஒவ்வொருத்தியிடமும் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னாள். பசையும் மருந்தும் படிந்த கைகள், ஒன்றில்கூடச் சூடக்கரி இல்லை. வீட்டுக்கு ஒரு சத்தியம் போதும் என்று நினைத்த மண்டிக்காரருக்கு, வீட்டில் இன்னொரு ஓட்டு இருக்கிறது என்ற ஞாபகமே வரவில்லை. பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் கணக்குப்பிள்ளை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

ஓட்டு நாளில் ஆம்பளைகள் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். பொம்பளைகள் கூட்டங்கூட்டமாகப் போய் வெயிலம்மாளின் ஏணிச் சின்னத்தில் குத்தினார்கள். காலனியில் ஒரு ஓட்டும் சிதறவில்லை. வெயிலம்மாள் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள். ஆவுடைத்தாய் போட்ட குலவை கதிரேசன் மலை வரைக்கும் கேட்டிருக்கும். அப்படியொரு பெருமை அவளுக்கு, இருக்காதா பின்னே!

ஆடி பிறக்கும் முன்பே மூன்று தெருவும் கூடுகிற முக்கில் புதுக்குழாய் வந்தது. முந்தி வந்தவர் முந்திப் பிடிக்கலாம் என்று வெயிலம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். முதல் நாளே காலனிக் குடமும் ஆட்டுக்காரர் தெருக் குடமும் மாறி மாறி வரிசையில் நின்றன. ஆவுடைத்தாய் குடம் நிரம்புகிற நேரத்தில் கருத்தையா வந்து பக்கத்தில் நின்றான். அன்றைக்குச் சூடம் அணைக்கப் போகாத மில் தெருக்காரன் ஒருவன், மண்டிக்காரருக்கு ஓட்டுப் போட்ட ஆளுக்கு இங்கே என்ன ஜோலி என்று சீண்டினான்.

கருத்தையா கோபப்படவில்லை. துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தான்.

"நான் வெயிலம்மாளுக்குப் போடலதான். போட்டவ குடத்தைத் தூக்க வந்திருக்கேன்."

அந்தத் தெருவில் ஒரு ஆம்பளை குடம் சுமந்து அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் தளும்பிச் சட்டையை நனைக்க, அவன் முன்னால் நடந்தான். ஆவுடைத்தாய் கையை வீசிக்கொண்டு பின்னால் போனாள்.