தங்கை வந்து சேரும் நேரம்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா ஒரு பிற்பகலில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு ஒரே தங்கை, லண்டனில் இருக்கிறாள். செய்தி கேட்டதும் எப்படியோ டிக்கெட் பிடித்துவிட்டு அழுகையோடு போன் செய்தாள். “ராத்திரி ஒன்பது மணி ஃப்ளைட்டுண்ணா. நேரா சென்னைதான். நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க.”

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் எப்போது வருவாள் என்றே கேட்டார்கள். செல்போனில் தேடினேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம், சுமார் பத்து மணி நேரப் பயணம் என்று வந்தது. ஒன்பதோடு பத்தைக் கூட்டினேன். காலை ஏழுக்கு இறங்கி எட்டரைக்கு வீட்டில் இருப்பாள் என்று உறுதியாகச் சொன்னேன். ஒன்பதரைக்கு எடுப்பது என்று முடிவானது.

மறுநாள் காலை ஒன்பது ஆயிற்று. அவள் வரவில்லை. போனும் அணைந்தே கிடந்தது. ஃப்ளைட்டைத் தவறவிட்டிருப்பாள் என்றார்கள். சித்தப்பா என் தோளைத் தொட்டு, “இன்னாப்பா பண்றது, வண்டி வந்து நிக்குது. எட்த்துடலாம்” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அப்பாவை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக, அதைக் கொண்டுவந்தவர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒயரைக் கழற்றக் குனிந்தவர், “யாரோ வரணும்னீங்களே அண்ணாத்தே, வந்துட்டாங்களா?” என்று கேட்டார். விவரம் சொன்னேன். ஒயரை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஒன்பதுன்றது அந்த ஊரு மணியாச்சே! நமக்கு அப்போ ராத்திரி ரெண்டரை. பன்னெண்டரைக்குத்தான் எறங்குவாங்க. தங்கச்சி இன்னும் வந்துகினு கீது அண்ணாத்தே.”

பெட்டி போகிற வீடுகளில் எல்லாம் இப்படி யாராவது ஒருவருக்காகக் காத்திருப்பார்களாம். துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று எல்லா ஊர்க் கணக்கும் அவருக்கு மனப்பாடம்.

எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். சித்தப்பா வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லப் போனார். பெட்டியோ பத்து மணிக்கு வேலப்பன்சாவடியில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியது. அந்த மனிதர் யார் யாரிடமோ போனில் கெஞ்சி, பூந்தமல்லியிலிருந்து இன்னொரு பெட்டியை அங்கே அனுப்ப வைத்தார்.

பிறகு என் செல்போனை வாங்கி, வானத்தில் போகும் விமானங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து கொடுத்தார். மஞ்சளாக ஒரு குட்டி விமானம். அதற்குள் என் தங்கை.

அடுத்த மூன்று மணி நேரம் கனவுபோலக் கழிந்தது. வீட்டில் அழுகை ஓய்ந்திருந்தது. பெட்டியின் மெல்லிய இரைச்சல், ஊதுபத்திப் புகை, ஜன்னலில் இளவெயில். விமானம் நகர்வதே தெரியாது. ஆனால் கண்ணை மூடித் திறந்தால் பாலைவனம் முடிந்து கடல் வந்திருக்கும். “கடலைத் தாண்டிட்டாப்பா” என்று பெட்டியருகே போய் மெதுவாகச் சொன்னேன்.

ஒன்றே முக்காலுக்கு, கனத்த ஸ்வெட்டரோடு அவள் ஓடி வந்தாள். யாரும் சொல்லாமலே, அதுவரை கூடவே இருந்த பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் திறந்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

தங்கையிடம் பேசும்போதெல்லாம், “அங்க இப்ப மணி என்ன?” என்றுதான் இன்றும் முதலில் கேட்கிறேன். தூரத்தில் இருப்பவர்களை நம்முடைய நேரத்தை வைத்து அளந்துவிடக் கூடாது என்று எனக்குப் புரியவைத்த அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.