கூண்டுக்குள் போன கை

தொண்ணூறுகளில், இத்தாலியில் பலேர்மோவின் மொண்டெல்லோ கடற்கரையில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, விஷமில்லாத பாம்புகள் வளர்த்தார். கழுத்தில் முத்துமாலை, மெல்லிய குரல். விருந்தினர் வந்தால் ஒவ்வொரு பாம்பின் குணத்தையும் விளக்குவார். கூண்டுக்குள் போவது மட்டும் என் கை.

மலைப்பாம்பு பயந்து பந்தாகச் சுருளும். சோளப்பாம்பு சாதுவாக முழங்கைவரை ஏறும். வரிப்பாம்பு பசித்தால் இறைச்சி மணக்கும் எதையும் கவ்வும்.

அன்று ஞாயிறு விருந்துக்குக் கோழி வெட்டிய கையைக் கழுவ அவர் விடவில்லை. "நாகதம்பிரானே" என்று ஊர்ப் பாம்புத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு உள்ளே விட்டேன். வரிப்பாம்பு பெருவிரலைக் கவ்வியது. விருந்தினர் எல்லோரும் சிரித்தார்கள்.

"ரத்தம் வருது, சிஞ்ஞோரா."

அவர் பாம்பின் வாயைத்தான் பார்த்தார். "பல்லு ஒண்டும் உடையேல்லை. அடுத்த ஞாயிறும் இப்பிடியே கும்பிட்டிட்டுக் கையை வை. வந்திருக்கிறவைக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

பாம்பு பயத்தில் கடிக்கும், பசியில் கடிக்கும். சிஞ்ஞோராவுக்கு இரண்டும் இருக்கவில்லை.