எருக்குழியில் என் ஊசி

எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்ட ஊசியை மூடி, காய்கறிக் கழிவோடு எருக்குழியில் எறிந்துவிடுவேன். பிள்ளைகள் கையில் சிக்காது என்ற நினைப்பு.

சென்ற மாதம் மிளகுக்கொடிக்கு எரு அள்ள வந்த பக்கத்து வீட்டு மல்லிகா, அலறிக்கொண்டு கையை உதறினார். மூடி கழன்ற ஊசி விரலில் ஏறியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் செம்மேடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு வேற நோவு ஒண்ணும் இல்லீங்களே?" என்று வழியில் கேட்டார்.

எனக்கே தெரியவில்லை. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லையாம், மல்லிகாவை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆனால், பாதி எரு ஏற்கெனவே தோட்டத்துக்குப் போய்விட்டது. அதில் எத்தனை ஊசி கிடக்கிறதோ, செருப்பில்லாமல் அங்கே யாரையும் விடுவதில்லை.